மஞ்சள் சேஃப்டி ஜாக்கெட்டில் நீல லோகோ ஏன் பச்சையாகிறது?

கேள்வி: அம்பத்தூரில் சிறிய பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். பளிச் மஞ்சள் பாலியஸ்டர் சேஃப்டி ஜாக்கெட் 60-க்கு நீல லோகோ கேட்டிருக்கிறார்கள். சப்ளிமேஷன் பேப்பரை வைத்து ஹீட் பிரஸ்ஸில் 200 டிகிரியில் 60 விநாடி அழுத்தினால் லோகோ பச்சையடிக்கிறது, சுற்றிலும் சதுரத் தடம் விழுகிறது, ரிஃப்ளெக்டர் டேப் சுருங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பச்சைக்கு மெஷின் காரணமில்லை. சப்ளிமேஷன் மை, அதாவது பேப்பரில் அச்சடித்துச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் மை, அடியிலுள்ள நிறத்தை மறைக்காது. மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சைதான். கறுப்பு மட்டும் சுத்தமாக வரும். பார்ட்டியிடம் பேசி லோகோவைக் கறுப்பாக்கிவிடுங்கள். நீலமே வேண்டும் என்று நின்றால் சப்ளிமேஷனை விட்டுவிட்டு, பிளாக்கர் வினைலுக்கு, அதாவது துணிச் சாயம் மேலேறாமல் தடுக்கும், சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாளுக்குப் போங்கள். சாதாரண வெள்ளை வினைல் ஒட்டினால் ஜாக்கெட்டின் மஞ்சள் அதில் ஊறிவிடும்.

தடம்தான் கவனிக்க வேண்டியது. ஜாக்கெட்டின் பளிச் மஞ்சளும் உங்கள் மை போலவே பாலியஸ்டரில் ஏற்றிய சாயம். மை ஆவியாகும் சூட்டில் அதுவும் கிளம்பும். பட்ட இடம் மங்கும். அதனால் 185 டிகிரிக்கு இறக்கி, 50–60 விநாடி, லேசான பிரஷர் மட்டும் கொடுங்கள். கறுப்பு அடர்த்தியாக வராவிட்டால் ஐந்தைந்து விநாடியாகக் கூட்டுங்கள், சூட்டைக் கூட்டாதீர்கள். பேப்பர் ஓரத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால் கோடு விழாது.

டேப்பில் சூடான பிளேட் படவே கூடாது. தேன்கூடு கட்டம் போட்ட பிளாஸ்டிக் டேப் உடனே உருகும்; துணி டேப்பில் பசை விட்டு நுனி கிளம்பும். லோகோவைவிடச் சற்றே பெரிய, சூடு தாங்கும் ஃபோம் பேடை ஜாக்கெட்டுக்குள் நுழையுங்கள். அந்த இடம் மட்டும் மேடாகி, டேப்பும் ஜிப்பும் கீழே தங்கிவிடும். வலைத்துணி என்றால் பேட் மேல் ஒரு வெள்ளைப் பேப்பர் போடுங்கள், இல்லாவிட்டால் மை பேடில் இறங்கி அடுத்த ஜாக்கெட்டில் ஒட்டும்.

நம்ம ஊர் ஈரத்துக்கு, பிரிண்டுக்கு முன் வெறும் துணியை 5 விநாடி அழுத்தி எடுங்கள். பேப்பரை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். தீ தாங்கும் ஜாக்கெட் என்று லேபிள் இருந்தால் கை வைக்காதீர்கள்.

லேபிளில் இஎன் ஐஎஸ்ஓ 20471 (தூரத்திலிருந்து தெரிய வேண்டிய பளிச் உடைகளுக்கான தரம்) இருந்தால் லோகோ அளவையும் பார்ட்டியிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தரத்தின் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள கிளாஸ் 2-க்குப் பளிச் துணி குறைந்தது 0.50 சதுர மீட்டர் தெரிய வேண்டும். முதுகு நிறைய அச்சடித்தால் அந்தக் கணக்கு குறையும்.

முதல் ஜாக்கெட்டை அழுத்தாத ஒன்றோடு வெளியே வெயிலில் விரித்துப் பாருங்கள். ட்யூப்லைட்டில் இந்த மங்கல் தெரியாது.