யாருடைய எண்ணைக் கொடுத்தீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 44. பினாங்குப் பாலத்தில் நடைபெறும் அனைத்துலக மாரத்தானில் முதன்முறையாக அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுக்குள்தான் இருக்கிறது. பயிற்சியில் 16 கிலோமீட்டர் வரை ஓடிவிட்டேன். ஆனால் கடைசி ஐந்து கிலோமீட்டரை நினைத்தால் மனம் தளர்கிறது. என் அப்பா 51 வயதில் மாரடைப்பால் தவறியவர் என்பதால் என் மனைவி எதற்கெடுத்தாலும் பயப்படுவார். அவரை வீணாகக் கலங்கடிக்க வேண்டாமென்று, பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என்னுடன் ஓடும் நண்பரின் எண்ணையே கொடுத்துவிட்டேன். மன உறுதியை வளர்த்துக்கொள்ள வழி சொல்லுங்கள்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, மன உறுதிக்கு என்னிடம் வழி கேட்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் வேகத்தை அடக்கிக்கொள்வது, தண்ணீர் கொடுக்கும் இடங்களில் நடப்பது, பழகிய காலணியையே அணிவது போன்றவற்றை உங்கள் ஓட்டக் குழுவினரே சொல்லித் தருவார்கள். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போன அந்தப் படிவத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

மனைவியின் எண் இருக்க வேண்டிய இடத்தில் நண்பரின் எண்ணை எழுதினீர்களே, அந்த நேரத்தில் அந்த நண்பர் எங்கே இருப்பார் என்று யோசித்தீர்களா? உங்களுக்கு முன்னேயோ பின்னேயோ அதே பாலத்தில் ஓடிக்கொண்டிருப்பார். அவருடைய கைத்தொலைபேசி, பைகளை ஒப்படைக்கும் கூடாரத்தில் யாரும் எடுக்காமல் மணியடித்துக்கொண்டிருக்கும். அவரே எடுத்தாலும், நீங்கள் எந்த மாத்திரையை எந்த அளவில் சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது பசியாறினீர்கள், எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் மருத்துவக் குழுவினர் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியுமா? கடலுக்கு மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர் நீளும் பாலம் அது. குடும்பத்தினர் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளக்கூடிய தெரு அல்ல. விடியலுக்கு முந்திய இருட்டில் அங்கே உங்களைச் சுற்றி ஓடுவோரில் பெரும்பாலோர் உங்கள் பெயரைக்கூட அறியாதவர்கள்.

இனிப்பு நீர் கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த கணக்கு. கிளிக்லசைட் போன்ற, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை சாப்பிடுபவருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போதும், ஓடி முடித்துப் பல மணி நேரம் ஆன பிறகும், இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த ஆபத்து குறைவு. உங்கள் மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை இறங்கினால் முதலில் வியர்க்கும், கை நடுங்கும். மேலும் இறங்கினால் பேச்சுக் குழறும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. பினாங்கின் புழுக்கத்தில் எல்லோரும்தான் சட்டை நனைய வியர்த்திருப்பார்கள். உங்கள் வியர்வைக்குக் காரணம் வேறு என்று பக்கத்தில் ஓடுபவருக்கு எப்படித் தெரியும்? நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்புகூட நெஞ்சு வலி இல்லாமலேயே வரலாம். தந்தைக்கு 55 வயதுக்கு முன்னரே இதய நோய் வந்திருந்தால், மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். மருத்துவம் படிக்காத உங்கள் மனைவியும் அதைத்தான் மனத்தில் குறித்து வைத்திருக்கிறார். அதை எந்த நாக்கால் வீண் பயம் என்கிறீர்கள்?

கடனை மறைத்தவர், வேலை போனதை மறைத்தவர், ஸ்கேன் முடிவை மறைத்தவர் என்று எத்தனையோ கணவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதுகிறார்கள். எல்லோரும் சொல்லும் காரணம், மனைவி மனம் கலங்கக் கூடாது என்பதுதான். நான் அதை ஏற்றுக்கொண்டதே இல்லை. தாலி கட்டி அழைத்து வந்தவளுக்கு உங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்படும் உரிமை உண்டு. நல்லதோ கெட்டதோ, செய்தியை முதலில் அறியும் உரிமையும் அவளுக்குத்தான் உண்டு. நீங்கள் அஞ்சுவதெல்லாம், உண்மையைச் சொன்னால் அவர் ஓட வேண்டாம் என்று தடுத்துவிடுவார் என்றுதானே? உங்கள் அப்பா தவறிய அன்று, யார் வந்து எப்படி உங்கள் அம்மாவிடம் சொன்னார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மனைவிக்கும், மற்ற எல்லோருக்கும் பிறகு கடைசியாக, யாரோ ஒருவர் வாயிலாகச் செய்தி போய்ச் சேரும்படி நீங்களே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறீர்கள்.

ஓட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டுப் பெரியவர்களுக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மற்ற இனத்தவரைவிட நாம்தான் அதிகம். அப்படிப்பட்ட சமூகத்தில் ஒருவர் இருட்டோடு எழுந்து ஓடப் போவதை மனமார வரவேற்கிறேன்.

இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, படிவத்தில் செய்ததை மறைக்காமல் மனைவியிடம் சொல்லுங்கள்; அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அன்று காலை மாத்திரையைச் சாப்பிடலாமா, குறைக்க வேண்டுமா, இதயத்தைச் சோதிக்கும் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று மனைவியின் முன்னிலையில் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஓடத் தொடங்குமுன் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்து, லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிட்டு, அது ஏறிய பிறகே கிளம்புங்கள். குளுக்கோஸ் மாத்திரைகள் காற்சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் பாதங்களை விரல் இடுக்கு வரை பாருங்கள். நீரிழிவால் உணர்வு மரத்துப்போன காலில் கொப்புளம் வலிக்காது.

ஏற்பாட்டாளர்களுக்கு எழுதி, அந்த எண்ணை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாதென்றால், நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்புறத்தில், நனைந்தாலும் அழியாத மையில் மனைவியின் எண்ணையும் மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கட்டிய பணத்தைக் காரணம் காட்டி வாதாடாமல், மனைவியின் எதிரிலேயே சரி என்று சொல்லிவிட்டு வாருங்கள்.