எம்ஜிபியை வீட்டிலேயே சீர்செய்வது: கேள்வி பதில்

இங்கிலாந்தில் பழைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, வீட்டு கராஜில் வைத்து வேலை பார்க்கும் நண்பர்களின் கேள்விகள் இவை. 1962 முதல் 1980 வரை அபிங்டனில் தயாரான அந்த வண்டியைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

அண்ணா, என்னுடையது 1970 ரோட்ஸ்டர். கதவுக்குக் கீழே சில்லில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. மேலே புதுத் தகடு வைத்து வெல்ட் அடித்தால் போதுமா?

போதாது தம்பி. இந்த வண்டிக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து நிற்பது கதவுகளுக்கு அடியில் ஓடும் இரண்டு பக்கச் சில்கள்தான். வெளியே தெரிவது ஒரு தகடு. அதற்குப் பின்னால் நடுத்தகடு, உள் சில், அடியில் காஸில் ரயில் என்று எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி. துரு உள்ளே தொடங்கித்தான் வெளியே வரும். கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே பாதி போயிருக்கும். மேலே தகடு போர்த்தினால் ஈரம் நடுவில் மாட்டிக்கொள்ளும், வண்டியின் பலம் திரும்பாது.

வெளிச்சில் முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) அடியிலும் பின் விங்குக்கு அடியிலும் ஓடுகிறது. அதனால் முன் விங்கைக் கழற்றித்தான் ஆகவேண்டும். வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் அடித்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேல் இருக்கும்படி, மட்டமாக, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் முழுதும் முடிந்தபிறகே மறுபக்கம். ஒவ்வொரு தகட்டையும் கிளாம்ப் போட்டு, கதவை மாட்டி இடைவெளி பார்த்தபிறகே வெல்ட். இதைத் தாண்டிப் போனவர்களின் வண்டியில் கதவு பிறகு சாத்தவே சாத்தாது. தகடு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் அடிப்பதை வாங்குங்கள், அசல் அச்சில் வருவது. முடிந்ததும் உள்ளே மெழுகு அடியுங்கள், தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

கியர்பாக்ஸுக்கு என்ன ஆயில்?

எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50. கியர்பாக்ஸோடு சேர்ந்த கூடுதல் கியரான ஓவர்டிரைவும் அதையேதான் பகிர்ந்துகொள்கிறது. ஈபி90 என்ற கியர் ஆயில் பின் ஆக்ஸிலுக்கு மட்டும்.

இ10 பெட்ரோல் போடலாமா?

வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் எல்லாம் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். சூப்பர் கிரேடில் எத்தனால் குறைவான இ5 கிடைக்கிறது, அதைப் போடுங்கள். எதுவானாலும் பழைய குழாய்களை இந்த வாரமே மாற்றுங்கள். கசிந்த பெட்ரோல் சூடான எக்ஸாஸ்டில் விழுந்தால் கராஜோடு போய்விடும்.

என்னுடையது ஜிடி. சில்லில் சின்னதாக ஓட்டை. கூரை இருப்பதால் ஒட்டுப் போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். கூரை கொஞ்சம் உதவும், ஆனால் சில்லின் வேலையைச் செய்யாது. கதவை மாட்டிப் பார்த்தபிறகு வெல்ட்.

1975 மாடல். கறுப்பு ரப்பர் பம்பரை வெட்டிவிட்டு குரோம் போட ஆசை. எப்படி?

செய்யலாம், ஆனால் நான் செய்யமாட்டேன். பம்பரோடு விங்குகளின் கீழ்ப்பகுதியும் மாறியிருப்பதால் நல்ல தகட்டை வெட்டி வெல்ட் செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்கச் சட்டத்துக்காக 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது வண்டியையும் உயர்த்தினார்கள், வண்டி சாயாமல் பிடிக்கும் முன் ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் சாய்வது அதனால்தான். 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் வைத்துச் சரிசெய்தார்கள். நீங்களும் உயரத்தைக் குறைத்து, பாரை மாட்டுங்கள்.

அண்ணா, அழகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! குரோம் இல்லாத எம்ஜி எம்ஜியா? (இப்படி ஆறேழு பேர்.)

அழகு உங்கள் கண்ணுக்கு. குரோம் வண்டிதான் வேண்டுமென்றால் குரோம் வண்டியை வாங்குங்கள். ரப்பர் பம்பர் வண்டியும் அபிங்டனில் அதே ஆட்கள் கட்டியதுதான். அதுவும் வரலாறு. எல்லாரும் 1967 குரோம் வண்டி போல ஆக்கிக்கொண்டே போனால் எழுபதுகளின் எம்ஜிபி எங்கே மிஞ்சும்? ஓட்டைச் சில்லோடு நிற்கிற வண்டிக்கு பம்பர் வாங்கப் போகிறேன் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை முதலில் சில்லில் போடுங்கள்.

1965 வண்டியில் புது ரேடியோ மாட்டினேன், புகை வந்தது.

1967 வரை வந்தவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய ரேடியோவுக்கு அது நேர்மாறு. பேட்டரியைத் திருப்பி மாட்டினால் மட்டும் முடியாது, டைனமோவின் துருவத்தையும் மாற்றவேண்டும். ரேடியோ போனது போனதுதான்.

டிரையம்ஃப் டிஆர்4 சேஸி...

அதற்குத் தனி சேஸி. டிரையம்ஃப் ஆட்களிடம் கேளுங்கள்.

கராஜில் டூ-பேக் பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடிக்க சாதாரண மாஸ்க் போதுமா?

கூடவே கூடாது. அதில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை ஆஸ்துமா பிடித்தால் போகாது. வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால் பெயிண்ட் கடையில் கொடுங்கள். அதேபோல குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்ட் செய்யாதீர்கள், பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கலாமா?

முடியாது. எஞ்சினை மேலே தூக்கித்தான் ஆகவேண்டும், தனியாகவோ கியர்பாக்ஸோடு சேர்த்தோ. கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கார்பனால் ஆனது, தேயும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வந்தால் அது நீண்டநாள் இருக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். அப்புறம் ஒன்று, வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள்.