அரசின் கோப்பும் நம் அடையாள அட்டையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகள் பலவும் ஒரே முடிச்சைத்தான் சுற்றி வருகின்றன. மலேசியாவில் மக்கள் பணத்தில், மக்கள் பெயரில் எழுதப்படும் கோப்புகள் பூட்டிக் கிடக்கின்றன; ஆனால் சாதாரணக் குடிமகனின் அடையாள அட்டை எண் காவலர் மேசை முதல் புலனக் (வாட்ஸ்அப்) குழு வரை திறந்து கிடக்கிறது. இந்த நிலை தலைகீழாக மாறவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்தக் கருத்தோடுதான் கீழ்க்காணும் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்றுச் சரிவில் மண்ணை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு வழங்கிய அனுமதிக் கோப்பைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: நீங்கள் பினாங்கில் இருப்பதால் கேட்க வழி இருக்கிறது. பினாங்கு சட்டமன்றம் 'தகவல் சுதந்திரச் சட்டம் 2010' என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அது 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சிலாங்கூர் 2011இல் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. சம்பந்தப்பட்ட துறையின் தகவல் அதிகாரியிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். சொன்ன காரணத்துக்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்தினால் தண்டனை உண்டு என்பதால், காரணத்தை அவசரத்தில் ஒரு வரியில் எழுதிவிடாதீர்கள். "குடியிருப்பின் பாதுகாப்பை அறியவும், தேவைப்பட்டால் ஆட்சேபம் தெரிவிக்கவும், வழக்கறிஞரின் ஆலோசனை பெறவும்" என்று விரிவாக எழுதுவது நல்லது.

பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழும் இடம் வேறு. "இந்தத் திட்டம் தொடர்பான எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று கேட்டால், அதிகாரிக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது, மறுப்பதற்கும் எளிதாகிவிடும். மாறாக, இந்த லாட் (மனை) எண்ணுக்கு வழங்கப்பட்ட திட்ட அனுமதிக் கடிதம், அதோடு இணைந்த நிபந்தனைகள், மண்வேலை வரைபடம், சரிவின் நிலைத்தன்மை குறித்துப் பொறியாளர் அளித்த அறிக்கை என்று நான்கு தாள்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். லாட் எண் தெரியவில்லையென்றால் கட்டுமான வேலியில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேம்பாட்டாளர், ஆலோசகப் பொறியாளர் ஆகியோரின் பெயர்களோடு அனுமதி எண்ணும் பெரும்பாலும் அதில் இருக்கும். வெயிலில் மங்கிப்போன பலகையாக இருந்தாலும் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்துவிடலாம். பினாங்கின் திட்டக் கொள்கைப்படி கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும், 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலமும் குன்று நிலமாகக் கருதப்படுவதால், உங்கள் சரிவின் உயரமும் சாய்வும் எவ்வளவு என்று பதிவாகியிருக்கும் தாளையும் சேர்த்துக் கேட்பது பயன் தரும். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். ஆகவே இப்படிக் கேட்பதை யாரும் வீண் தொந்தரவு என்று சொல்லிவிட முடியாது.

கொடுக்கப்படும் தாளில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் பதவியும் தெரியவேண்டும், ஏனெனில் அவர் பொதுப்பணியில் ஒப்பமிட்டவர். அதே தாளில் நில உரிமையாளரின் அடையாள அட்டை எண்ணோ வீட்டுத் தொலைபேசி எண்ணோ இருந்தால் அதைக் கறுப்பு மையால் மறைத்துத் தருவதுதான் முறை. அதற்காக முகம் சுளிக்காதீர்கள். ஆனால் மறைக்கவேண்டிய இரண்டு வரிகளைக் காட்டி முழுத் தாளையும் மறுத்தால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யுங்கள்.

கேள்வி: செந்தூலில் உள்ள எங்கள் குடியிருப்போர் சங்கம், மாநகர் மன்றத்திடம் இதே போன்ற கோப்பைக் கேட்கலாமா? (செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: பினாங்குச் சட்டமும் சிலாங்கூர்ச் சட்டமும் அந்தந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். கோலாலம்பூர் எந்த மாநிலத்திலும் சேராத கூட்டரசுப் பிரதேசம். கூட்டரசு அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருந்து வந்தாலும், உங்கள் கேள்விக்குக் கைகொடுக்கும் சட்டம் எதையும் என்னால் இன்று காட்ட இயலவில்லை. இருப்பது 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம். அமைச்சரவை ஆவணங்களும் மாநில ஆட்சிக்குழு ஆவணங்களும் அதன் அட்டவணையிலேயே இரகசியமாகிவிடுகின்றன. மற்ற ஆவணங்களையும் அமைச்சரோ அவரால் நியமிக்கப்பட்ட அதிகாரியோ இரகசியம் என வகைப்படுத்தலாம். அவ்வாறு சான்றளித்துவிட்டால் அந்தச் சான்றை நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. 1986இல் செய்யப்பட்ட திருத்தம், குற்றவாளியெனத் தீர்ப்பானால் குறைந்தது ஓராண்டுச் சிறை என்று நிர்ணயித்தது.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மூச்சுக்காற்றே சாட்சி. நாட்டின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு சில ஆண்டுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமலே இருந்தது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் முற்றிக் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் நிலை வந்தபோதுதான் அந்த எண்கள் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தன. ஆஸ்துமாக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு தாய்க்குத் தேவைப்படும் எண் அது. அதை மறைத்ததால் யாருடைய பாதுகாப்பும் கூடவில்லை.

ஆனாலும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஆட்சேபம் கேட்கும் கட்டம் வரும்போது சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் பதிவு செய்யுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் நிலப்பட்டா விவரத்தைத் தேடிப் பார்க்கலாம் என்பதையும் பயன்படுத்துங்கள். கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் கட்டடம் எழுப்ப வழங்கிய மேம்பாட்டு அனுமதியை எதிர்த்து அப்பகுதிக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றப் படிகளேறினார்கள்; அந்த அனுமதி செல்லாது என்பதை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர்களும் உங்களைப் போல் ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவர்கள்தாம்.

கேள்வி: நண்பரைப் பார்க்க அடுக்குமாடிக்குப் போனால் பாதுகாவலர் என் மைகாட்டை (அடையாள அட்டையை) வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார். இது சரியா? (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: சரியன்று. தேசியப் பதிவு விதிகளின்படி அடையாள அட்டையைக் காட்டச் சொல்லும் அதிகாரம் பதிவு அதிகாரி, காவல்துறையினர், சுங்க அதிகாரி, பணியிலுள்ள இராணுவத்தினர் போன்றோருக்குத்தான் உண்டு. தனியார் பாதுகாவலருக்கு அதை வாங்கி வைத்துக்கொள்ள உரிமையில்லை. பெயரையும் வாகன எண்ணையும் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். அட்டையை மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

நம் 12 இலக்க எண்ணைச் சற்றே உற்றுப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அந்த எண்ணை மட்டும் அறிந்தவருக்கே உங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிடும். 2017இல் நான்கு கோடிக்கும் மேற்பட்ட கைப்பேசிச் சந்தாதாரர் விவரங்கள் கசிந்தபோது இந்த எண்ணும் முகவரியும் சேர்ந்தே வெளியேறின. எண்ணை மாற்றிக்கொள்ள நமக்கு வழியில்லை. கடவுச்சொல் போல் நினைத்தவுடன் புதுப்பிக்க முடியாத ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவது எப்படிப் பொருந்தும்?

கேள்வி: என் தங்கையின் இரத்தப் பரிசோதனை முடிவை அரசு மருத்துவமனை ஊழியர் ஒருவர் புலனத்தில் பகிர்ந்துவிட்டார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் செய்யலாமா? (செபராங் ஜெயா, பினாங்கு)

பதில்: உங்கள் வேதனை புரிகிறது, பதில்தான் கசப்பானது. 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 3ஆவது பிரிவு, கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் நிறுவனங்கள் தரவுக் கசிவை அறிவிக்கவேண்டும் என்று கட்டாயமாக்கி, அபராதத்தின் உச்ச வரம்பை 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. இந்த விலக்கை மட்டும் அது தொடவில்லை. நம் உடல்நலம், வருமானம், பிறப்பு, இறப்பு அனைத்தையும் அறிந்த மிகப்பெரிய தரவாளரான அரசைச் சட்டம் விட்டுவிட்டிருப்பது பெருங்குறை என்று நான் ஒவ்வொரு மேடையிலும் சொல்லி வருகிறேன்.

மருத்துவமனை இயக்குநருக்கும் பொதுப் புகார் அமைப்புக்கும் எழுதுங்கள். பகிரப்பட்ட செய்தியின் படத்தைத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள். உரிமை வழக்குத் தொடுக்கவும் இடமிருக்கிறது. சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசமைப்பின் 5ஆவது விதி கூறும் தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது.

கேள்வி: கல்வி உதவி பெற்ற மாணவர் பட்டியலை, அடையாள அட்டை எண், பெற்றோர் வருமானம் எல்லாவற்றோடும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். வெளிப்படைத்தன்மைக்காக என்கிறார்கள். (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: எத்தனை மாணவருக்கு எவ்வளவு தொகை, எந்த அளவுகோலின்படி, யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொன்னால் அது வெளிப்படை. தந்தையின் சம்பளம் 1,400 ரிங்கிட் என்று ஊரறிய ஒட்டினால், உதவி கேட்டு வந்த பிள்ளை அடுத்த முறை படியேறாது. மேற்சொன்ன தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்புள்ள தரவுக்கே பொருந்துவதால் இங்கே அது துணைக்கு வருமா என்பது ஐயமே. நிர்வாகத்தினரிடம் நேரில் பேசி அந்தத் தாளை இன்றே எடுக்கச் செய்யுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்த என் தாத்தாவின் பதிவுகளைத் தேட முடியுமா? (பட்டர்வொர்த், பினாங்கு)

பதில்: தேடலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பதிவுகள் 25 ஆண்டுகள் ஆனதும் தேசியக் காப்பகத்துக்கு மாற்றப்படவேண்டும். கோலாலம்பூரில் உள்ள அதன் வாசகர் அறையில் பதிவு செய்துகொண்டு கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்தை நம் மக்கள் அழைத்த தமிழ்ப் பெயரில் தேடினால் எதுவும் அகப்படாது. துரைமார் வைத்த ஆங்கிலப் பெயரைத் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்திலோ பழைய சம்பளச் சீட்டிலோ பார்த்து, அந்த எழுத்துக்கூட்டலையே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.