யாரோடு சேர்கிறோம் என்பது நம் வளர்ச்சியைத் தீர்மானிக்குமா? நண்பரோடு கூட்டுத்தொழில் தொடங்கலாமா?

கேள்வி கேட்டவர் தேனி மாவட்டம் கம்பத்தில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறார். பள்ளித் தோழர் ஒருவர் கூட்டாகக் கடை போடலாம் வா என்கிறார். வீட்டிலோ "சேர்க்கை சரியில்லை, அதான் இன்னும் இப்படியே இருக்கே" என்கிறார்கள். பழகும் ஆட்கள் உண்மையிலேயே ஒருவரின் முன்னேற்றத்தைத் தீர்மானிப்பார்களா என்று கேட்டிருக்கிறார்.

தீர்மானிப்பார்கள். ஆனால் "நல்ல எண்ணம் உள்ளவர்களோடு மட்டும் பழகு, மற்றவர்களை வெட்டிவிடு" என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அந்த வழியில் அல்ல. விலை ஏறுகிற காலத்தில் நம்மைச் சுற்றி எல்லோருமே நல்ல எண்ணத்தோடுதான் இருப்பார்கள். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடியில் நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட வருஷத்தில் கூட்டாளிகளுக்குள் சண்டை வர இடமே இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அதே காய் 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. கிட்டங்கியில் சரக்கு கிடக்கும், விலை தினமும் இறங்கும், ஒருவர் விற்றுவிடலாம் என்பார், மற்றவர் பொறுத்துப் பார்ப்போம் என்பார். யார் சொல்வது நடக்கும் என்று எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கூட்டு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திருட்டு, துரோகம் எல்லாம் பிறகு ஒருவர் மேல் ஒருவர் சொல்லிக்கொள்வது.

அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்கிறவரா? திறமை, முதல், ஓட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இதை எங்கே பார்ப்பது? நீங்கள் நிற்கும் கடையிலேயே பார்க்கலாம். ஒரு மூட்டை வந்து இறங்குகிறது. வாயைப் பிரித்தால் மேலே 8 மில்லிமீட்டர் பருமனுள்ள காய், நல்ல பச்சை. முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளித் தட்டில் கொட்டினால் 6 மில்லி, வாய் பிளந்தது, மஞ்சளித்தது எல்லாம் கலந்து வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் நண்பர் பக்கத்தில் இருந்தால் என்ன செய்கிறார்? தட்டைப் படம் எடுத்துச் சரக்கு கொடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, "அண்ணே, அடியில காய் வேற மாதிரி இருக்கு, விலை மாத்திப் பேசணும்" என்று அங்கேயே போன் போடுகிறாரா? இல்லை, மூட்டையை முன்போலவே கட்டி அடுத்த ஆள் தலையில் தள்ளப் பார்க்கிறாரா? தள்ளுகிற ஆள் நாளைக்கு உங்களுக்கும் மேல்வாயை மட்டும்தான் காட்டுவார்.

உலர்த்தும் ஸ்டோர் கணக்கும் அப்படித்தான். 100 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய 20 முதல் 22 கிலோ வரும். 18 கிலோதான் வந்தது என்றால் இளங்காயை எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் எடையில் எங்கேயோ தவறியிருக்கும். அன்று மாலையே சொன்னால் அடுத்த எடுப்பில் ஆட்களிடம் முற்றின காயாகப் பார்த்து எடுக்கச் சொல்லலாம், தராசைச் சரிபார்க்கலாம். ஒரு மாசம் கழித்துச் சொன்னால் யாரையாவது சந்தேகப்படத்தான் முடியும். நல்ல மனசுக்காரர்களே கூச்சத்தினால் தள்ளிப்போட்டு, அந்தச் சந்தேகத்தை வளர்த்துவிடுகிறார்கள். உங்கள் நண்பர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே போதாது.

"நட்பையும் தராசில் வைக்கிறாயா, எல்லாம் நம்பிக்கையில்தானே நடக்கிறது" என்று எழுத சிலர் வருவார்கள். நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி, கணக்கு வேலையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், எழுத்து இல்லாத கூட்டில் கடைசியில் போவது பணத்தோடு நட்பும்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு மாதிரி பேசி வைக்காவிட்டால் லாபமும் நட்டமும் சரிபாதி. நீங்கள் எட்டு லட்சம் போட்டு அவர் இரண்டு லட்சம் போட்டிருந்தாலும் சரிபாதிதான். பகல் முழுக்கக் கடையில் நிற்கிறவருக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுசாகப் பொறுப்பு. அதாவது அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் முழுத்தொகையையும் உங்கள் வீட்டில் வந்து கேட்கலாம். தொழில் நடத்தும்போது ஒரு பங்குதாரர் செய்யும் தப்புக்கும் நிறுவனம் பொறுப்பாகும். ஏலக்காய்க்குச் செயற்கை நிறம் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. "பச்சை கொஞ்சம் தூக்கலா இருந்தா ரேட் கிடைக்கும்" என்று ஒருவர் ரகசியமாகச் செய்தால், அதைக் கண்ணால் பார்க்காத மற்றவரும் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும். இவ்வளவு பாரம் ஏற்றுகிற உறவைச் சாயங்கால டீயில் முடிவுசெய்ய முடியாது.

ஒப்பந்தத்தில் எது இருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்வார். அவர்கள் வழக்கமாகக் கையில் வைத்திருக்கும் நகலில் விட்டுப்போவதை மட்டும் சொல்கிறேன். சரக்கை எந்த விலைக்குக் கீழே போனால் கேட்காமலே விற்கலாம், எத்தனை கிலோவுக்கு மேல் வாங்க இருவர் சம்மதமும் வேண்டும், மாசம் வீட்டுச் செலவுக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் விலகினால் கையிருப்புச் சரக்கை எந்த நாள் ஏல விலையில் மதிப்பிடுவது. கடைசியாகச் சொன்னதை எழுதாததால்தான் பிரிவினை வருஷக்கணக்கில் இழுக்கும். போகிறவர் உச்ச விலையைச் சொல்வார், இருக்கிறவர் அன்றைய விலையைச் சொல்வார். பங்குதாரர் சம்பளம், முதலுக்கான வட்டி இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதியிருந்தால்தான் வருமான வரியில் செலவாக எடுக்க முடியும்; வட்டிக்கு வரம்பு 12 சதவீதம். பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதியாத கூட்டு நிறுவனம் பணம் தராத வியாபாரி மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. ஏலக்காய் வாங்கி விற்க நறுமணப் பொருள் வாரியத்தின் வியாபாரி உரிமமும் வேண்டும். அது யார் பெயரில் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். உரிமம் ஒருவர் பெயரிலும் உழைப்பு மற்றவர் பெயரிலும் இருந்தால் பிரியும்போது உழைத்தவர் வெறுங்கையோடு நிற்பார்.

பத்திரம் எழுதுவதற்கு முன்னாலேயே ஒரு சீசன் மட்டும் சின்னதாகச் சேர்ந்து செய்து பாருங்கள். ஆளுக்கு ஐம்பதாயிரம், தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாத மாதிரி. உங்களுக்கும் அவருக்கும் உரிமம் இல்லாத நிலையில் ஏலக்காயில் வேண்டாம். மிளகிலோ காப்பியிலோ செய்யுங்கள். சீசன் முடிந்ததும் கணக்கை முடித்துப் பிரித்துவிட வேண்டும், அடுத்ததுக்கு உருட்டக்கூடாது. லாபம் வந்ததா என்பது இதில் பெரிய விஷயம் இல்லை. வாங்கிய சிட்டை அன்றே கணக்கில் ஏறுகிறதா, அவசரம் என்று கல்லாவிலிருந்து எடுத்ததை அவராகவே சொல்கிறாரா, விலை இறங்கிய அன்று போனை எடுக்கிறாரா என்று பாருங்கள். அவரும் உங்களை இதே மாதிரி பார்க்கட்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை.

நண்பர் வாங்கும் வங்கிக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுவது பற்றியும் இரண்டு வரி. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். வங்கி நேராக உங்களிடம் வரலாம், உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். அப்புறம் உங்கள் கடைக்கு நீங்கள் கேட்கும் கடன் கிடைக்காது. ஒரு கையெழுத்தினால் வளர்ச்சி நின்றுபோவது இப்படித்தான்.

இனி மற்ற சேர்க்கை. நெருங்கிய நண்பர்களால்தான் ஒருவர் உயர்கிறார் என்பது பாதிதான் உண்மை. 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. உங்கள் நெருங்கிய கூட்டத்துக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். புதுச் செய்தி கொஞ்சம் தள்ளி இருக்கிறவரிடமிருந்துதான் வரும்.

கேரள எல்லையில் இருக்கிற நமக்கு அந்தத் தள்ளி இருக்கிறவர் மலைக்கு மேலே இருக்கிறார். குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனைப் பக்கம் இருக்கும் ஸ்டோர்காரர், தோட்ட மேனேஜர், லாரி புக்கிங் ஆபீஸ் பையன். மலையாளம் பேசினால் மட்டும் போதாது, சிட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளிப் பாதை நின்றது. 2020 ஊரடங்கில் மறுபடியும் பாஸ் இல்லாமல் போக முடியவில்லை. அப்படிப்பட்ட நாளில் உங்களுக்காகக் கிட்டங்கியைத் திறந்து பார்த்துவிட்டு "மூட்டை நனையல" என்று சொல்ல அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும். அந்த உறவை காலை வணக்கப் படம் அனுப்பி வளர்க்க முடியாது. மாசம் ஒருமுறை அவருக்குப் பயன்படும் ஒரு தகவலைச் சொல்லுங்கள்: போடியில் இன்று எந்த அளவுக் காய்க்குக் கேட்பு அதிகம், எந்த வியாபாரி பணம் இழுக்கிறார்.

இதற்கெல்லாம் நாலு ஊர் போய்வர வேண்டும். அங்கேதான் கம்பத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றெரிச்சல். 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில் அகலப்பாதையாகித் திரும்பப் போடி வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. திண்டுக்கல்–குமுளிப் பாதை கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறைக்குத் தலை நரைத்துவிட்டது. இத்தனை நறுமணப் பொருளும் திராட்சையும் விளைகிற பள்ளத்தாக்கில், மதுரையில் ஒரு வியாபாரியை நேரில் பார்க்க ஒரு நாளைப் பஸ்ஸில் தொலைக்க வேண்டியிருக்கிறது. கேட்கப்பட்டது இது இல்லைதான். ஆனால் ஆள் பழக்கம் இல்லை என்று பிள்ளைகளை மட்டும் குறை சொல்கிற வீடுகள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் குறை சொல்லும் டீக்கடை நண்பர்களை வெட்ட வேண்டாம். ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு நிற்கப்போவது அவர்கள்தான். உங்கள் கடை முதலாளியை மட்டும் வேறு மாதிரி பயன்படுத்திக்கொள்ளுங்கள். "எனக்கு வழி காட்டுங்கய்யா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன வாரம் ஏலத்துல அந்தச் சரக்கு லாட்டை ஏன் வாங்காம விட்டுட்டீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் எழுதி வையுங்கள், அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று போய்ச் சொல்லுங்கள். திரும்பி வந்து சொல்கிற பிள்ளைக்குத்தான் பெரியவர்கள் அடுத்த விஷயத்தைச் சொல்வார்கள்.

அந்த ஒரு சீசனில் நண்பர் தேறவில்லை என்றால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்: "மாப்ள, நமக்குள்ள பணம் வேண்டாம், பழக்கம் இருக்கட்டும்." வருத்தப்படுவார், ரெண்டு மாசம் பேசாமல்கூட இருப்பார். அவருக்கு ஏற்கெனவே கைமாற்றுக் கொடுத்திருந்தால், "அதை என் பங்கு முதலா வச்சுக்கோ" என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கையில் இல்லாத பணத்தை முதலாகக் காட்டினால் கணக்கு முதல் நாளே பொய்யாகிவிடும். தனியாக ஒரு புரோநோட்டு எழுதி வாங்குங்கள். கேட்டவுடன் தரும்படியான நோட்டுக்குக் காலக்கெடு எழுதின நாளிலிருந்து மூன்று வருஷம். அதற்குள் கொஞ்சமாவது வரவு வைத்து, அதை அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டால் கெடு அந்த நாளிலிருந்து புதிதாக ஓடும்.