கேப்டவுனில் வாடகை ஃபிளாட்: வீடு பார்க்கப் போகும் முன்பே தயார் செய்ய வேண்டியவை

கேள்வி: சொந்த ஊர் திருச்சி. இரண்டு வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை. பிப்ரவரியில் கேப்டவுன் கிளைக்கு மாற்றல். ஆன்லைனில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்றைப் பார்த்து விண்ணப்பம் போடுவதற்குள் வேறு யாராவது எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மாற்றல் நெருக்கடியான நேரத்தில் வந்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சீ பாயின்ட் பக்கம் பல ஃபிளாட்டுகள் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்குப் போய்விடும். அது ஓய்கிற சமயத்தில் ரோண்டபோஷ், அப்சர்வேட்டரி பக்கம் பல்கலைக்கழக மாணவர்கள் அறை தேடி வந்துவிடுவார்கள். நல்ல வீட்டுக்கு விண்ணப்பங்கள் குவியும்போது, ஏஜென்ட் முதலில் கையில் எடுப்பது காகிதம் முழுசாக இருக்கிற விண்ணப்பத்தைத்தான்.

அதனால் எல்லாவற்றையும் இப்போதே ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அதே மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், கேப்டவுன் வேலையையும் சம்பளத்தையும் சொல்லும் கம்பெனிக் கடிதம். இவற்றோடு, வாடகையை ஒழுங்காகக் கட்டினீர்கள் என்று டர்பன் வீட்டுக்காரரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். விசா சீக்கிரம் முடிவதாக இருந்தால், புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதையும் சேருங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அது கண்ணில் படட்டும்.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட், அதாவது கடனையும் பில்லையும் ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் அறிக்கை. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஏஜென்ட் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள். நம்மூரிலிருந்து வந்தவர்களில் பலருக்கு இங்கே கடன் வரலாறே இருக்காது, அது சந்தேகத்தைக் கிளப்பும். அப்படியானால் கம்பெனியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமா என்று கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு மாத டெபாசிட் தருவதாகச் சொல்லுங்கள். வாடகை சம்பளத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு: 30,000 ராண்ட் சம்பளத்துக்கு 9,000. அதற்கு மேலே உள்ள வீடுகளுக்கு அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சீ பாயின்ட் எட்டாவிட்டால் மில்னர்டன், டேபிள் வியூ பக்கம் பாருங்கள். கோடையில் காற்று பலமாக அடிக்கும், ஆனால் நகரத்துக்கு மைசிட்டி பஸ் இருக்கிறது.

அவசரத்தில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். "சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், டெபாசிட் போடுங்கள்" என்றால் அது மோசடி. நீங்கள் போக முடியாவிட்டால் கேப்டவுன் கிளையில் ஒருவரை நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள். ஏஜென்ட் என்றால் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழை (வீட்டு ஏஜென்டுகள் வைத்திருக்க வேண்டிய உரிமச் சான்றிதழ்) காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் இந்தத் தொழில் செய்ய சட்டம் அனுமதிப்பதில்லை.

வீடு பார்க்கும்போது சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) இருக்கிறதா என்று தேடுங்கள். கேப்டவுனில் மழை குளிர்காலத்தில்தான், அதாவது ஜூன், ஜூலை பக்கம். பிப்ரவரியில் சுவரெல்லாம் காய்ந்து அழகாக இருக்கும். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள், படுக்கையறை மூலையில் தரையோரம் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இங்கே வெயில் வடக்கிலிருந்து விழும். தெற்கு பார்த்த அறை ஜூன், ஜூலையில் ஈரமாகவே கிடந்து பூஞ்சை பிடிக்கும். அப்புறம், மின்சாரம் பிரீபெய்டா, கார் நிறுத்துமிடம் வாடகைக்குள் அடக்கமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வீடு கிடைத்ததும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடியேறும் முன் நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட வேண்டும். அன்றே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து ஏஜென்டுக்கு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட் பணம் வட்டி வரும் கணக்கில்தான் இருக்க வேண்டும். காலி செய்யும்போது சேதமோ பாக்கியோ இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு திரும்ப வர வேண்டும். தராமல் இழுத்தடித்தால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.