ஒரு பறவை மறைந்தால் உணவு வலை குலைந்துவிடுமா?

ஒரே ஒரு பறவையினம் குறைந்தால் உணவு வலை பாதிக்கப்படுமா, பாதுகாப்பால் மீட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகப் பாதிக்கப்படும். பிணந்தின்னிகளான பாறு கழுகுகளே சாட்சி.

1990களில் தொடங்கி, இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99க்கு மேல் மடிந்தன. காரணம், மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரலின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். ஒரு பாறுக் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிடும். அவை போனதும் பிணங்கள் அழுகிக் கிடந்தன. தெருநாய்கள் பெருகின, கூடவே வெறிநாய்க்கடி அபாயமும்.

2006இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. பாறுகளைக் கொல்லாத மெலாக்சிகம் என்ற மாற்று வலிமருந்து கைவசம் இருந்தும், மனிதர்களுக்கான பெரிய டைக்ளோஃபினாக் குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. அதனால்தான் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். என்னைக் கேட்டால், இங்கே காட்டைக் காப்பதோடு மருந்துக்கடையைக் கண்காணிப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

நீலகிரியில் மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் பாறுகள் கூடு கட்டுகின்றன. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். மீட்சிக்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.