எழுவாயை விட்டு வினை விலகக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி முதல் ஆங்கில வழியில் படித்து, ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் 7 வாங்கி இங்கிலாந்துக்கு வந்த பிறகும், முதுகலை வகுப்பின் முதல் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் "வாக்கியம் தெளிவாக இல்லை" என்று குறித்துத் தந்திருக்கிறார்கள், இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. உங்களுக்கு இலக்கணம் தெரியும். வாக்கியத்தின் வரிசைதான் தமிழிலிருந்து வந்துவிடுகிறது. 18 ஆண்டுகளாக இங்கே ஆய்வுக் கட்டுரைகள் எழுதியும் திருத்தியும் வந்ததில் நான் கண்டது இது.

"ஆற்றங்கரையில் மூன்று இடங்களில் எடுத்து, நிழலில் உலர்த்திச் சலித்து வைத்த மண்" என்று எத்தனை அடை முன்னால் வந்தாலும், தமிழில் படிப்பவர் 'மண்' வரும்வரை காத்திருப்பார். ஆங்கிலத்தில் படிப்பவரோ எழுவாயைக் கண்டவுடன் அதற்குரிய வினையைத் தேடத் தொடங்கிவிடுகிறார். அந்த அடைகளெல்லாம் ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பின்னால் வந்து, இடையில் இருபது சொற்கள் நின்றால் அவற்றில் அவர் மனம் பதிவதில்லை. அறிவியல் எழுத்தைப் பற்றி 1990இல் கோபென், ஸ்வான் இருவரும் எழுதிய கட்டுரை இதையே வலியுறுத்துகிறது: எழுவாயை அடுத்து வினை விரைவில் வர வேண்டும், அழுத்தம் தர வேண்டிய செய்தி வாக்கியத்தின் முடிவில் நிற்க வேண்டும். ஆகவே அந்த மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்பதை ஒரு வாக்கியத்திலும், எப்படிப் பக்குவப்படுத்தினீர்கள் என்பதை அடுத்ததிலும் சொல்லுங்கள்.

இன்னொரு பிழை நம் வினையெச்சத்தால் வருவது. என் முதல் ஆய்வறிக்கையில், நீரைச் சூடாக்கி வெப்பநிலை குறிக்கப்பட்டது என்ற பொருளில் 'ஹீட்டிங்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றை எழுதியிருந்தேன். நெறியாளர் பென்சிலால் அதைச் சுழித்து, "நீரைச் சூடாக்கியது வெப்பநிலையா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று தமிழில் இரண்டு எழுவாய்கள் இயல்பாகச் சேர்ந்து நிற்கும். கல்விசார் ஆங்கிலத்தில் அப்படித் தொடங்கும் செயலைச் செய்தவர் முதன்மை வாக்கியத்தின் எழுவாயாகவே இருக்க வேண்டும். அந்தப் பென்சில் சுழியை நான் இன்றும் மறக்கவில்லை.

'ஆனாலும்' என்ற பொருள்தரும் 'ஹவ்எவர்' என்பதற்கு முன்னால் வெறும் காற்புள்ளி இட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டாதீர்கள். அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'தி' இரண்டும் படிக்கப் படிக்கத்தான் கைவரும், அதற்காக இப்போது வருந்த வேண்டாம்.

அடுத்த கட்டுரையை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் முதன்மை வினையையும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். கோடுகள் தள்ளித் தள்ளி விழும் வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சி மையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் கட்டணம் இராது. ஆனால் கட்டுரை ஒப்படைக்கும் வாரத்தில் இடம் கிடைப்பது அரிது, இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.